திரும்பி வந்த கவிதை, திரும்பாத காசு

நாற்பது வயதுக்கு மேல் கவிதை மீது பழைய ஆசை திரும்பி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ராத்திரியில் போனில் நாலு கவிதைக் குழுக்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். எனக்கு இதில் 60,000 ரூபாய்க்கு மேல் போனது, இரண்டு வருஷத்துக்குப் பக்கமாகக் காலமும் போனது. காசு போனது ஓரளவு ஆறிவிட்டது. ஆனால் நடுவில் கவிதை என்ற பேச்சைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிற நிலைக்கு வந்துவிட்டேன், சின்ன வயதிலிருந்து எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது, அதைத் தொடவே பிடிக்காமல் போனதுதான் பெரிய இழப்பு. அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் உட்கார வைத்து விவரம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எட்டயபுரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், அதனால் பாரதி பிறந்த டிசம்பர் 11 வந்தால் எங்கள் தமிழம்மா நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1947-ல் திறந்த மணிமண்டபம் அங்கே இருக்கிறது, அந்த வாசலில் வரிசையில் நின்றுகொண்டு மனசுக்குள் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தமிழம்மா செய்யுள் நடத்தும் விதமே தனி. பொருள் சொல்ல மாட்டார், முதலில் மேஜையில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ராகமாகப் பாடுவார், நாங்கள் பின்னாலேயே பாட வேண்டும். "பொருள் எங்கடி ஓடப் போகுது, முதல்ல காதுல ஏறட்டும்" என்பார். மனப்பாடப் பகுதிக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டிருக்கும், நான் குறி போடாததையும் சேர்த்து மனப்பாடம் செய்வேன். ஒன்பதாவது படிக்கும்போது சொந்தமாக எழுதவும் ஆரம்பித்தேன், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அப்புறம் பிளஸ் டூவில் வணிகவியல், பி.காம்., மதுரையில் கணக்கு எழுதும் வேலை, கல்யாணம். வீடு மாறும்போது நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்தக் கவிதை ஆசை திரும்பி வந்தது என் மகளின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தால். குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து, தேமா, புளிமா என்று அதன் வாய்பாட்டை எழுதச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு, பிள்ளைகள் அதைப் பார்த்தாலே பயப்படுவார்கள். அவள் சரியாக வரவில்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "கற்க கசடறக் கற்பவை கற்றபின், நிற்க அதற்குத் தக." இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்காத விஷயம், ஆனால் என் விரல் தானாக மேஜையைத் தட்டியது: கற்-க தேமா, கச-டறக் கருவிளம், கற்-பவை கூவிளம், கற்-றபின் கூவிளம், நிற்-க தேமா, அதற்-குத் புளிமா, தக என்பது மலர். மாவுக்குப் பின்னால் நிரை வருகிறது, விளத்துக்குப் பின்னால் நேர் வருகிறது, ஒரு இடத்தில்கூடத் தளை தட்டவில்லை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி எங்கும் பிசகவில்லை. அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். அவள் தூங்கப் போன பிறகும் நான் அவளுடைய புத்தகத்தை மூடவில்லை, பின்னால் இருந்த செய்யுள் பகுதி முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

அதற்கு அடுத்த சில மாதங்கள்தான் இதில் பொன்னான காலம். அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படித் தொடங்குகிறவர்கள் வழியில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. முதலில், ஆசையில் பெரிய பெரிய உரைநூல்களைக் காசு போட்டு வாங்கிக் குவிக்காதீர்கள். சங்க நூல்கள் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் மூலபாடங்கள் இருக்கின்றன. பாரதி பாடல்களின் உரிமையை 1949-லேயே அரசு வாங்கிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் மலிவுப் பதிப்புகள் நிறைய உண்டு. ஆனால் ரொம்ப மலிவான சிலவற்றில் பிழைகள் மலிந்து கிடக்கும், ஒரு சீர் விட்டுப்போனால் பாட்டு நொண்டும், ஆகவே வாங்கும் முன் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள். சங்கப் பாட்டு என்றால் குறுந்தொகையில் தொடங்குங்கள், பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான், ஒரு நாளைக்கு ஒன்று போதும். சந்தி பிரித்த, அதாவது சேர்ந்து கிடக்கும் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்த பதிப்பு புரிவதற்கு உதவும், ஆனால் ஓசை கெட்டுவிடும். அதனால் பிரித்த வடிவில் ஒரு தடவை புரிந்துகொண்டு, பிரிக்காத மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். 1937-ல் வந்த உ.வே.சா. உரை போன்ற பழைய உரைகளில் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதவுரையை மட்டும் பார்த்துவிட்டு மூலத்துக்குத் திரும்பிவிடுங்கள், நீண்ட விளக்கமான விசேடவுரைக்குள் முதல் நாளே நுழைந்தால் மூன்று பக்கம் தாண்டிப் பாட்டு எது என்பதே மறந்துவிடும்.

வாய்விட்டு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறுந்தொகையில் ஆறாவது பாட்டு, பதுமனார் பாடியது, பாட்டு முழுக்க நாலே அடி:

நள்ளென் றன்றே யாமஞ் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை யுலகமுந் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

நடுராத்திரி, பேச்செல்லாம் அடங்கி ஜனங்கள் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள், இந்தப் பரந்த உலகமும் தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்காமல் கிடக்கிறேன் என்று தலைவி சொல்கிறாள். கண்ணால் படித்துவிட்டுப் போனால் இவ்வளவுதான். ஆனால் மூன்றாவது அடியைப் பாருங்கள், மற்ற அடிகளில் நாலு சீர், இதில் மூன்றே சீர். ஈற்றுக்கு முந்தின அடி அப்படி வருவதுதான் நேரிசை ஆசிரியப்பா என்று நாம் பள்ளியில் மார்க்குக்காகப் படித்தோம். இப்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'துஞ்சும்' என்ற இடத்தில் ஒரு சீர் குறைவதால் குரல் தன்னால் நின்றுவிடுகிறது, ஊரே தூங்கிவிட்டது, அந்த வெற்றிடத்துக்குள்தான் 'ஓர்யான்' என்று அவள் வருகிறாள். சமையலறையில் தனியாக நின்று இதைச் சொன்ன ராத்திரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினாலு வயதில் இது எனக்குப் புரிந்திருக்க நியாயமே இல்லை. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த பல வருஷத்துக்கு அப்புறம்தான் இந்தப் பாட்டு புரியும். சின்ன வயதில் பிடித்த ஒன்றிடம் பெரியவர்களான பிறகு திரும்பிப் போவதில் இருக்கும் லாபம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

படித்தால் எழுதத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு வெண்பா எழுதப் பழகினேன், அப்புறம் புதுக்கவிதை. தோழி ஒருத்தி வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். தினமும் ஒரு தலைப்பு, தினமும் போட்டி, ராத்திரிக்குள் சான்றிதழ், பூ வேலைப்பாட்டுச் சட்டத்துக்குள் என் பெயரும் போட்டோவும். எத்தனையோ வருஷம் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவளாக மட்டும் இருந்த எனக்கு, 'அருமை கவிஞரே' என்று ஒருவர் எழுதினால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பசியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பசியை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. குழுவில் எல்லாருக்கும் எல்லா நாளும் முதல் பரிசு கிடைக்கிறது என்றால், ஒரு வரியைக்கூட 'இது சரியாக வரவில்லை' என்று யாருமே சொல்வதில்லை என்றால், அங்கே கவிதையை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். இதை எனக்கு அன்றைக்குச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் தொகுப்பு நூல் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 700 ரூபாய், ஒரு பிரதியும் கேடயமும் தருவார்கள். ஆறு தொகுப்பு, 4,200 ரூபாய். அதில் எழுதியவர்களைத் தவிர வேறு யாருமே அந்தப் புத்தகங்களை வாங்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அடுத்தது விருது. 'கவி' என்று தொடங்கும் ஒரு பட்டம், நடுவர் குழு தேர்ந்தெடுத்துவிட்டது, பதிவுக் கட்டணம் 3,500 என்று கடிதம் வந்தது. பஸ், லாட்ஜ், பட்டுப் புடவைக்கு இஸ்திரி எல்லாம் சேர்த்து இன்னொரு 2,500. மண்டபத்துக்குள் போனால் என்னைப் போல நூற்றுக்கணக்கானவர்கள், கையில் டோக்கன். மேடை ஏறி, சால்வை தோளில் விழுந்து, போட்டோ எடுத்து, அந்தப் பக்கம் இறங்குவதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர்கூட ஒரு கவிதை வாசிக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கவிஞர்களுக்கான விழா, அதில் ஒரு வரி கவிதை கிடையாது. திரும்பி வரும் பஸ்ஸில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என்னுடைய எந்தக் கவிதைக்கு இந்த விருது? பதில் வராது. விருது பெறுகிறவர் காசு கட்ட வேண்டிய விருது எதுவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

பெரிய அடி புத்தகத்தில்தான். அந்த விழாவில் அறிமுகமான ஒரு பதிப்பாளர், பெயர் வேண்டாம், தினமும் போன் செய்து பேசினார். "அம்மா, உங்க எழுத்தெல்லாம் குழுவுக்குள்ள முடங்கிக் கிடக்கக் கூடாதும்மா, பாரதியே சொந்தக் காசுலதான் போட்டாரு" என்றார். 1908-ல் 'ஸ்வதேச கீதங்கள்' பாரதி தாமே வெளியிட்டதுதான், அது உண்மை என்பதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு எளிதாக உள்ளே இறங்கியது. 96 பக்கம், 300 பிரதிக்கு 42,000 ரூபாய். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்க 3,000. ஒரு பிரபலத்திடம் அணிந்துரை வாங்கித் தர 5,000. ஆக 50,000, பாதி சீட்டுக் காசு, பாதி என் வளையல். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, நிச்சயம் கிடைக்கும், போட்ட காசு அதிலேயே வந்துவிடும் என்று வாயால் சொன்னார், எங்கும் எழுதித் தரவில்லை.

மாதங்கள் ஓடின. அச்சில் இருக்கிறது, பைண்டிங்கில் இருக்கிறது, தீபாவளிக்கு ஆள் இல்லை, புத்தகக் கண்காட்சி நெருக்கடி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கடைசியில் இரண்டு அட்டைப்பெட்டி வந்தது, எண்ணினால் 120 புத்தகம். பிரித்துப் பார்த்தபோது கை நடுங்கியது. என் அடிகளையெல்லாம் மடக்கி ஓரத்துக்கு ஓரம் உரைநடை மாதிரி ஓட்டியிருந்தார்கள், வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர் என்பதுகூடத் தெரியாமல் அதை மேலடியோடு சேர்த்துவிட்டார்கள், ஒற்று பாதி இடத்தில் இல்லை. அணிந்துரை என்று இருந்த ஒன்றரைப் பக்கத்தில் என் பெயரை மாற்றி வேறு எந்தப் புத்தகத்துக்கும் போடலாம், உள்ளே இருந்த ஒரு கவிதையைப் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை. மீதி 180 பிரதியைக் கேட்டால் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பயந்தேன், அவர் பெட்டியைப் பார்த்தார், ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் படித்தார், "உன் நோட்டுல இருந்தது நல்லா இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார். நான் எழுதுவது அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ரொம்ப நாள் ஒரு வரி எழுதவில்லை, அதைவிட மோசம், ஒரு வரி படிக்கவில்லை. குறுந்தொகை பரணுக்குப் போனது.

இந்த இடத்தில் சில விவரங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இவை எனக்குக் காசு போன பிறகு தெரிந்தவை. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண் இலவசம், மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் தருகிறது, எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமை நீங்கள் எழுதின கணமே உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்று கட்டாயமில்லை. அதை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் 1957-ம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 'எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே' என்ற வரியைப் பார்த்தால் கையெழுத்துப் போடும் முன் அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்ன பிரதி தராவிட்டால் அது சேவைக் குறைபாடு, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்ஆப்பில் 300 பிரதி என்று அவர் எழுதியது, அட்டைப்பெட்டியின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், ஆணையத்துக்குப் போகும் முன்பே 12,000 திரும்பி வந்தது. அதற்கு மேல் அலைய எனக்குத் தெம்பில்லை. போனில் பேசினதையெல்லாம் எழுத்தில் வாங்கியிருந்தால் மீதியும் வந்திருக்கும் என்று வக்கீலம்மா சொன்னார்.

ஊருக்குப் போயிருந்தபோது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நேரிலேயே போய் விசாரித்தேன், அதே பக்கம், அதே டெமி அளவு, அதே 300 பிரதி, நான் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. சொந்தக் காசில் புத்தகம் போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, நல்ல கவிதைப் புத்தகங்கள் பல அப்படித்தான் வந்திருக்கின்றன. போடுவதானால் அந்தப் பதிப்பகத்தில் ஏற்கெனவே புத்தகம் போட்டவர்களை, பதிப்பாளர் கொடுக்கும் நம்பரில் இல்லாமல் நீங்களாகத் தேடிப்பிடித்து, எத்தனை பிரதி கைக்கு வந்தது என்று கேளுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையைப் பிரதி எண்ணி வாங்கின பிறகு கொடுங்கள். கவிதைக்கு மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் பிரதியை, போனில் பார்க்கவே பார்க்காதீர்கள், அடி எங்கே முறிகிறது என்பது காகிதத்தில்தான் தெரியும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நூலக ஆணை உறுதி என்று எவர் சொன்னாலும் அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். இதற்கெல்லாம் முன்னால், சிற்றிதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள், பல தடவை பதிலும் வராது, ஆனால் அங்கே ஒரு கவிதை அச்சானால் ஒருவர் அதைப் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நம்பலாம்.

பரணிலிருந்து குறுந்தொகையை இறக்கியது நான் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா. என் புத்தகத்தை எங்கேயோ பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார், பாராட்ட வரவில்லை, ஒரு வெண்பாவைக் காட்டி, "இந்த இடத்துல காய்ச்சீருக்குப் பின்னால நிரை வந்திருக்கே, தளை தட்டுதேம்மா" என்றார். அத்தனை சான்றிதழிலும் கிடைக்காத ஒன்று அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது, என் கவிதையைச் சீர் சீராக ஒருவர் படித்திருக்கிறார். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன், விளக்கு வைக்கும் நேரம் வரை பேசிக்கொண்டிருந்தோம். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டு மாடியில் கூடுகிறோம், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர், மனசு வந்தால் என் மகள். சொந்தக் கவிதை வாசிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், அது ரொம்ப நல்ல கட்டுப்பாடு, நீங்களும் கூட்டம் போட்டால் வைத்துக்கொள்ளுங்கள், எழுதினதைக் கடைசியில் யாராவது ஒருவரிடம் தனியாகக் காட்டிக்கொள்ளலாம். குறுந்தொகையில் பாதி தாண்டினோம், ஒரு மாறுதலுக்கு இப்போது ஐங்குறுநூறு எடுத்திருக்கிறோம். ஐந்து புலவர்கள், ஆளுக்கு 100 பாட்டு, மூன்றடியிலிருந்து ஆறடிக்குள் முடிந்துவிடும். முதல் பத்தில் எல்லாப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குவதால் புதிதாக வருகிறவர்கள்கூட முதல் வரியைச் சேர்ந்து சொல்லிவிடலாம், கூச்சம் போக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.